உடன்சபையாரும் மூன்றாமவரும்: குவேக்கர் வணிக அறத்தின் வளர்ச்சியும் வரம்பும் (1650–1909)

ஆய்வுச் சுருக்கம்

ஒரே சபையைச் சேர்ந்த கிறித்தவர்கள் தமக்குள் கொள்வினை கொடுப்பினை செய்யும்போது காத்த நேர்மை, அச்சபைக்கு வெளியே நின்றவர்க்கும் உரியதாயிற்றா என்னும் வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் தோன்றிய நண்பர்கள் சங்கத்தாரின், அதாவது குவேக்கர்களின், வணிக வரலாறு இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. விலை, கடன், சபை ஒழுங்கு, பேரத்தில் பங்குபெறாத மூன்றாமவர் என்னும் நான்கு தளங்களில் அவர்தம் நடைமுறைகள் ஆராயப்படுகின்றன. விலையில் எல்லோர்க்கும் ஒரே அளவுகோலைக் கொண்ட இச்சபை, கடனில் தன்னவரையே பெரிதும் நம்பியது. ஒழுங்கைத் தன் உறுப்பினர் வழியாகவே செயற்படுத்தியது. மூன்றாமவரைக் கணக்கில் கொள்ள நெடுங்காலம் எடுத்துக்கொண்டது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: குவேக்கர்கள், நண்பர்கள் சங்கம், வணிக அறம், ஒரே விலை, நொடிப்பு, சபை விலக்கு, ஜான் உல்மன், கேட்பரி.

முன்னுரை

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாத பண்பையும் குறிக்கும். வணிகம் இவ்விரண்டாலும் இயங்குவது. கையில் காசு இல்லாதபோது பண்பைக் கொண்டே கடன் பெறப்படுகிறது. அப்பண்பு ஒருவரிடம் உண்டா என்பதை அறிய, அவர் எந்தக் குழுவைச் சேர்ந்தவர் என்று வினவுவது பழைய வழக்கம். சமயம், குலம், ஊர் ஆகியவை வணிக நம்பிக்கைக்குப் பிணையாக நின்றமைக்கு உலக வரலாற்றில் சான்றுகள் பல உள.

இவ்வழக்கம் ஓர் அறச்சிக்கலையும் உடன்கொண்டு வருகிறது. உபாகம நூல் உடன்பிறந்தானிடம் வட்டி வாங்குவதை விலக்குகிறது. அயலானிடம் வாங்க இசைவளிக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் பெஞ்சமின் நெல்சன் 1949இல் வெளியிட்ட வட்டி பற்றிய நூலில், இந்த இரட்டை அளவுகோல் மேலைநாட்டுச் சிந்தனையில் எவ்வாறு கரைந்தது என்று ஆராய்ந்தார். அவருக்கு முன்னரே மாக்ஸ் வேபர், குழுவுக்குள் ஓர் அறமும் குழுவுக்கு வெளியே வேறோர் அறமும் நிலவியதைச் சுட்டிக்காட்டியிருந்தார். 1904இல் வட அமெரிக்காவில் பயணம் செய்த வேபர், வட கரோலினாவில் ஒரு திருமுழுக்குச் சடங்கைக் கண்டார். நீரில் மூழ்கி எழுந்தவர்களுள் ஒருவர் வங்கி தொடங்க எண்ணியிருப்பதால்தான் சபையில் சேர்கிறார் என்று உடனிருந்த உறவினர் அவருக்கு விளக்கினார். சபை உறுப்பாண்மை கடன் தகுதிச் சான்றாக நின்றதை வேபர் 1906இல் எழுதிய கட்டுரை இந்நிகழ்ச்சி கொண்டு காட்டுகிறது.

இப்பின்னணியில் குவேக்கர் வரலாறு தனிக்கவனத்துக்கு உரியது. இங்கிலாந்தின் மக்கள்தொகையில் மிகச் சிறு பகுதியினரான இவர்கள் இரும்பு, வங்கி, புகைவண்டி, சாக்லேட்டு ஆகிய துறைகளில் முன்னணியில் நின்றனர். அவ்வெற்றியை நேர்மையின் பரிசு என்று கூறிப் பாராட்டுவது எளிது. அந்த நேர்மை யாரை உள்ளடக்கியது, யாரை விட்டுவிட்டது என்று வினவுவதே ஆய்வுக்குரியது.

ஆணையிடாமையும் நீதிமன்றமும்

ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624–1691) லெஸ்டர்ஷயரில் ஒரு நெசவாளரின் மகனாகப் பிறந்தவர். 1652ஆம் ஆண்டில் வடமேற்கு இங்கிலாந்தில் அவர் ஆற்றிய பரப்புரையிலிருந்து இவ்வியக்கம் வேகம் பெற்றது. ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்ற அளவிலேயே பேச்சு அமைதல் வேண்டும் என்னும் மத்தேயு நற்செய்தியின் போதனையைக் குவேக்கர்கள் சொல்லுக்குச் சொல் ஏற்றனர். ஆணையிட்டு உண்மை சொல்பவர், ஆணையிடாத நேரத்தில் பொய் சொல்லலாம் என்று ஒப்புக்கொண்டவராகிறார் என்பது அவர்கள் வாதம்.

இக்கொள்கைக்கு அவர்கள் பெரும் விலை கொடுத்தனர். 1662ஆம் ஆண்டின் குவேக்கர் சட்டம் ஆணையிட மறுப்பதைக் குற்றமாக்கியது. ஆணையின்றிச் சாட்சியம் அளிக்க இயலாமையால், வராத கடனுக்காக வழக்காடுவதும் அவர்களுக்கு அரிதாயிற்று. ஆணைக்கு மாற்றாக உறுதிமொழி அளிக்கலாம் என்ற சட்டம் 1696இல்தான் நடைமுறைக்கு வந்தது. பல்கலைக்கழகப் பட்டமும் அரசுப் பதவியும் அவர்களுக்கு மறுக்கப்பட்டன. நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜோசப் பீஸ் ஆணையிடாமல் உறுதிமொழி கூறி அவையில் அமர்ந்தது 1833இல்தான். அறிவும் ஊக்கமும் உடைய இளைஞர்க்கு வணிகமும் கைத்தொழிலுமே திறந்திருந்தன. எனவே குவேக்கர்களின் வணிக முன்னேற்றத்தில் சமயப் பண்புக்கு உள்ள பங்கைப் போலவே, பிற வழிகள் அடைபட்டமைக்கும் பங்குண்டு.

நீதிமன்றம் எட்டாத நிலையில் வழக்குகளை உள்ளேயே தீர்க்க வேண்டியிருந்தது. நம்பிக்கையாளர் தமக்குள் எழும் பூசலை நம்பிக்கையற்றோரின் மன்றத்துக்குக் கொண்டுசெல்வதைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் கண்டித்துள்ளார். குற்றம் செய்த சகோதரனை முதலில் தனியே கண்டு பேசுதல், பின்னர் ஓரிருவரை உடன்கொண்டு செல்லுதல், அதன்பின்னரே சபைக்குத் தெரிவித்தல் என்னும் மூன்று படிகளை மத்தேயு நற்செய்தி வகுத்துள்ளது. குவேக்கர்கள் இவ்விரண்டையும் இணைத்து ஒரு வழக்குத் தீர்வு முறையை அமைத்தனர். படிமுறை பயன் தராதவிடத்து நடுவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். நடுவர் முடிபை ஏற்க மறுப்பதும், இவ்வழியை நாடாமல் உடன்சபையாரை வழக்குமன்றத்துக்கு இழுப்பதும் சபை ஒழுங்குக்கு மாறானவை எனக் கருதப்பட்டன. கொள்கை வற்புறுத்தியதையே புறச்சூழலும் வற்புறுத்தியது எனலாம்.

ஒரே விலை

17ஆம் நூற்றாண்டின் அங்காடியில் பேரம் பேசுதல் இயல்பான வழக்கம். விற்பவர் கூட்டிச் சொல்வார். வாங்குபவர் குறைத்துக் கேட்பார். இருவரும் இடையில் எங்கோ உடன்படுவர். இதில் விற்பவர் முதலில் கூறும் விலை அவரே நம்பாத ஒரு கூற்று. ஆம் என்பது ஆமாகவே இருத்தல் வேண்டும் என்று கொண்டவர்களுக்கு அக்கூற்று பொய்யாயிற்று. ஆகவே குவேக்கர் கடையில் ஒரு பொருளுக்கு ஒரே விலை கூறப்பட்டது. வணிகர்க்கு ஃபாக்ஸ் விடுத்த அறிவுரைகளிலும் இக்கருத்து இடம்பெற்றது.

தொப்பியை எடுத்து வணங்காமலும் மரியாதைப் பன்மை வழங்காமலும் நின்ற இக்கடைக்காரர்களை மக்கள் முதலில் தவிர்த்தனர் என்றும், ஒரு குழந்தையைக் கடைக்கு அனுப்பினாலும் தாம் பெறும் அதே நடத்தையை அக்குழந்தையும் பெறும் என்பதை அறிந்தபின் அவர்களையே நாடி வந்தனர் என்றும் ஃபாக்ஸ் தம் நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார்.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. ஒரே விலை என்பது உடன்சபையார்க்கு அளித்த சலுகை அன்று. குவேக்கர், ஆங்கிலிக்கர், அயலூரார், குழந்தை, பேரம் பேசத் தெரிந்தவர், தெரியாதவர் ஆகிய அனைவர்க்கும் அது பொது. உபாகமத்தின் ‘உடன்பிறந்தான் / அயலான்’ என்ற பிரிவு இவ்வொரு தளத்தில் கைவிடப்பட்டது. தம்மவர்க்குக் குறைத்துக் கொடுத்திருந்தால் அது நட்பாகியிருக்கும். எல்லோர்க்கும் ஒன்றாகக் கொடுத்ததால் அது நீதியாயிற்று.

கடனும் மாதக் கூட்டமும்

விலையில் காணப்பட்ட பொதுமை கடனில் இல்லை. கடன் கொடுப்பவர்க்குக் கடன் பெறுபவரைப் பற்றிய செய்தி வேண்டும். அச்செய்தி சபை அமைப்பின் வழியே கிடைத்தது. 1660களின் பிற்பகுதியில் ஃபாக்ஸ் நாடெங்கும் மாதக் கூட்டங்களை நிறுவினார். அவற்றுக்கு மேலே காலாண்டுக் கூட்டமும், இலண்டனில் ஆண்டுக் கூட்டமும் அமைந்தன. உறுப்பினர் ஒருவர் ஊர் மாறினால் பழைய மாதக் கூட்டம் புதிய மாதக் கூட்டத்துக்கு ஒரு சான்று மடல் அளித்தது. மடலில் அவர்தம் ஒழுக்கத்தோடு, கடன் பாக்கி இன்றி வருகிறாரா என்பதும் கருதப்பட்டது. பிரிஸ்டலிலிருந்து பிலடெல்பியாவுக்குக் கப்பலேறிய ஒரு வணிகருக்கு இம்மடலே பெரும் முதலாக உதவியது.

திருமணமும் இவ்வலையை இறுக்கியது. சபைக்கு வெளியே மணம் புரிந்தவர் உறுப்பாண்மையை இழந்தனர். இந்நிலை இங்கிலாந்தில் 1860 வரை நீடித்தது. இதன் விளைவாகக் கர்னி, பார்கிளே, லாயிட், பேக்ஹவுஸ், பீஸ், ஃப்ரை முதலிய குடும்பங்கள் கொள்வினை கொடுப்பினையால் பின்னிப் பிணைந்தன. இலண்டன் லம்பார்டு தெருவில் 1690இல் ஜான் ஃப்ரீமும் தாமஸ் கோல்டும் தொடங்கிய பொற்கொல்லர் வங்கியில் 1736இல் ஜேம்ஸ் பார்கிளே கூட்டாளியானார். 1896இல் 20 தனியார் வங்கிகள் இணைந்து பார்கிளே வங்கி உருவானபோது, அவற்றுட் பெரும்பாலானவை முன்னரே உறவால் இணைந்திருந்தவை.

உறவு நம்பிக்கையைத் தரும், கண்மூடித்தனத்தையும் தரும். இதை அறிந்தே ஆண்டுக் கூட்டம் மீண்டும் மீண்டும் அறிவுரைகள் விடுத்தது. தம் ஆற்றலுக்கு மீறிய வணிகத்தில் இறங்கலாகாது; கணக்குகளை அடிக்கடி சரிபார்க்க வேண்டும்; பிறர் பணத்தைக் கொண்டு துணிகர முயற்சிகளில் ஈடுபடலாகாது; வாக்குக் கொடுத்த நாளில் கடனைத் தீர்க்க வேண்டும் என்பன அவற்றின் சாரம். 1738இல் இவ்வறிவுரைகள் கையெழுத்துத் தொகுப்பாகவும், 1783இல் அச்சு நூலாகவும் வெளிவந்தன. உறுப்பினர்கள் கடனைத் தவறாது தீர்க்கின்றனரா என்பது மாதக் கூட்டங்களில் குறித்த கால இடைவெளியில் கேட்கப்பட்ட வினாக்களுள் ஒன்றாயிற்று. யாரேனும் தடுமாறுவதாகத் தெரிந்தால் இருவர் அவர் இல்லத்துக்குச் சென்று பேசினர். மறுத்தவர் மீதும், கடன்காரர்க்கு இழப்பு ஏற்படுத்தியவர் மீதும் சபை விலக்கு விதிக்கப்பட்டது.

சபை விலக்குப் பெற்றவர் வழிபாட்டிற்கு வரலாம். சபை அலுவல்களில் பங்குபெற இயலாது. அவருடைய காணிக்கையையும் சபை ஏற்காது. பிறர்க்குச் சேர வேண்டிய பணத்தைக் கொண்டு செய்யப்படும் அறம் அறமாகாது என்பது இதன் உட்கருத்து. நாட்டுச் சட்டம் நொடித்தவரைக் கடனிலிருந்து விடுவித்த பின்னரும், கையில் பொருள் சேருமாயின் முழுக்கடனையும் தீர்ப்பதே கடமை என்று சபை வற்புறுத்தியது. சட்டம் முடித்துவைத்த இடத்தில் மனச்சான்று தொடங்கியது.

ஜோசப் ஃப்ரையின் வீழ்ச்சி (1828)

இவ்வொழுங்கு செல்வாக்குடையோர் மீதும் செயற்பட்டதா? நியூகேட் சிறைச் சீர்திருத்தத்தால் ஐரோப்பாவெங்கும் அறியப்பட்டவர் எலிசபெத் ஃப்ரை (1780–1845). அவர் நார்விச்சு நகர வங்கிக் குடும்பமான கர்னிகளின் மகள். சபையின் ஏற்புப்பெற்ற போதகர். கணவர் ஜோசப் ஃப்ரையின் வங்கி 1828 நவம்பரில் பணம் வழங்க இயலாது மூடப்பட்டது. மறு ஆண்டில் மாதக் கூட்டம் ஜோசப் ஃப்ரையைச் சபையிலிருந்து விலக்கியது. குடும்பம் பிளாஷட் மாளிகையை விட்டு நீங்கியது. எலிசபெத்தின் உடன்பிறந்தாரின் உதவியால் இல்வாழ்க்கை நடந்தது.

மனைவி சபையின் பெருமைக்குரியவர். மைத்துனர்கள் நாட்டின் பெரும் வங்கியாளர்கள். எனினும் கணவர் விலக்கப்பட்டார். எலிசபெத் உறுப்பினராகவே தொடர்ந்து, தம் கணவரை விலக்கிய அதே சபையில் அமர்ந்து வழிபட்டார். அவ்வொழுங்கின் கடுமையை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. அதன் நியாயம் எளியது: வங்கியில் பணம் இட்டவர்களுள் சபையைச் சாராத எளியோரும் இருந்திருப்பர், அவர்கள் இழந்த பணத்திற்குச் சபையின் பெயரும் பிணையாக நின்றது. அதேவேளையில், நேர்மையான முயற்சியால் நொடித்தவரையும் ஏமாற்றி நொடித்தவரையும் ஒரே தண்டனையால் நடத்தும் இடர்ப்பாடு இம்முறையில் இருந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஓவரெண்ட்–கர்னி (1866)

மாதக் கூட்டத்தின் ஒழுங்கு ஆளை நோக்கியது. இருவர் சென்று கதவைத் தட்டக்கூடிய ஒரு வணிகர் இருந்தால்தான் அது செயற்படும். 1855ஆம் ஆண்டின் வரையறுத்த பொறுப்புச் சட்டத்துக்குப் பின் நிலைமை மாறியது. கூட்டாளி தன் முழுச்சொத்தாலும் கடனுக்கு ஈடு நின்ற காலம் போய், பங்குதாரர் தாம் இட்ட பங்கின் அளவே பொறுப்பேற்கும் காலம் வந்தது.

குவேக்கர் மரபில் தோன்றி, சாமுவேல் கர்னியின் காலத்தில் இலண்டனின் தலைசிறந்த உண்டியல் தரகு நிறுவனமாக விளங்கியது ஓவரெண்ட்–கர்னி. 1856இல் சாமுவேல் கர்னி மறைந்த பின் அடுத்த தலைமுறையினர் கப்பல், புகைவண்டி முதலிய முயற்சிகளில் பணத்தை முடக்கினர். இழப்புகள் பெருகிய நிலையில் 1865 ஜூலையில் அது வரையறுத்த பொறுப்புடைய நிறுவனமாக்கப்பட்டுப் பொதுமக்களிடம் பங்குகள் விற்கப்பட்டன. பழைய பெயரின் மீதிருந்த நம்பிக்கையே பங்குகளை விற்றுக்கொடுத்தது. 1866 மே 10ஆம் நாள் நிறுவனம் பணம் வழங்குவதை நிறுத்தியது. பொறுப்புகள் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் பவுன். மறுநாள் இலண்டன் நிதிச்சந்தையில் ஏற்பட்ட பீதி கறுப்பு வெள்ளி எனப் பெயர் பெற்றது. இயக்குநர்கள் மீது தொடரப்பட்ட மோசடி வழக்கு 1869 டிசம்பரில் விடுதலையில் முடிந்தது.

வால்டர் பேஜட் 1873இல் வெளியிட்ட லம்பார்டு தெரு பற்றிய நூலில், ஒரு குழந்தைகூட இதனினும் மேலாகக் கடன் கொடுத்திருக்கும் என்ற பொருளில் அந்நிறுவனத்தின் மதியீனத்தைச் சாடினார். குழந்தையை நம்பி அனுப்பக்கூடிய கடை என்று ஃபாக்ஸ் பெருமிதத்தோடு எழுதிய மரபு, இரு நூற்றாண்டுகளில் குழந்தையினும் தாழ்ந்தது என்று இகழப்படும் நிலைக்கு வந்தது. முன்னோர் ஈட்டிய நற்பெயர், பின்னோர்க்கு ஆராயாமல் கிடைத்த கடனாயிற்று. குழு நம்பிக்கை ஆய்வுக்கு மாற்றாகும்போது, அக்குழுவுக்கு வெளியே உள்ளவர்களே பெரும் இழப்பை ஏற்கின்றனர் என்பதற்கு இது சான்று.

விற்பனைப் பத்திரத்தில் ஒரு பெண்

இதுவரை கண்டவை விற்பவர், வாங்குபவர், கொடுத்தவர், பெற்றவர் என இருவர்க்கு இடையிலான அறங்கள். பேரத்தில் குரலற்ற மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவரைக் கண்டவர் நியூஜெர்சியின் மவுண்ட் ஹோலியில் கடைப்பணியாளராக இருந்த ஜான் உல்மன் (1720–1772).

உல்மனுக்கு இருபது வயது கடந்த சில ஆண்டுகளில் நிகழ்ந்தது இது. அவருடைய முதலாளி தம்மிடமிருந்த ஒரு கறுப்பினப் பெண்ணை விற்றார். விற்பனைப் பத்திரம் எழுதுமாறு உல்மனைப் பணித்தார். வாங்குபவர் நண்பர்கள் சங்கத்தைச் சேர்ந்த முதியவர்; பத்திரத்துக்காகக் காத்திருந்தார். உல்மன் மனம் கலங்கினார். எனினும் எழுதிக் கொடுத்தார். அடிமை வைத்திருத்தல் கிறித்தவ சமயத்தோடு பொருந்தாது என்று தாம் கருதுவதை இருவர் முன்னிலையிலும் கூறினார். எழுத மறுத்திருந்தால் தம் மனச்சான்று இன்னும் தெளிவாக இருந்திருக்கும் என்று பின்னர் வருந்தினார். சில காலத்துக்குப் பின் சபையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அதுபோன்ற பத்திரம் கேட்டு வந்தபோது மறுத்துவிட்டார்.

வணிக அற நோக்கில் அந்த முதற் பத்திரத்தை ஆராய்ந்தால், அதில் குறை ஏதும் இல்லை. விலை ஒளிவுமறைவின்றிப் பேசப்பட்டது. பணம் உரியபடி கொடுக்கப்பட்டது. பொய் இல்லை, ஏமாற்று இல்லை, கடன் பாக்கி இல்லை. மாதக் கூட்டத்தின் அந்நாளைய வினாக்கள் அனைத்துக்கும் வாங்கிய முதியவர் நேர்மையான விடை அளித்திருக்க முடியும். குற்றம் பேரம் நடந்த முறையில் இல்லை, பேரப்பொருளில் இருந்தது. இருவர்க்கு இடையிலான நேர்மை மட்டுமே அறம் என்று கொண்டால், அந்தப் பெண்ணைக் காணவே இயலாது.

உல்மனின் முறையும் கருதத்தக்கது. அவர் உடன்சபையாரைப் பழித்து எழுதவில்லை. வீடு வீடாகச் சென்று பேசினார். அடிமையைப் பிள்ளைக்கு விட்டுச்செல்லும் உயில் எழுத மறுத்து, அதனால் வரும் கூலியையும் இழந்தார். நோயுற்ற ஒருவரின் உயிலில் அடிமை பற்றிய பகுதியை மட்டும் எழுதாமல் விட்டுத் திருப்பித் தந்தார். பின்னர் அவர் விடுதலைக்கு இசைந்ததும் உயிலை நிறைவு செய்தார். தம் சில்லறை வணிகம் பெருகியபோது, அது மனத்தை நிரப்பிவிடும் என்று அஞ்சிக் கடையைக் கைவிட்டுத் தையல் தொழிலோடு நின்றார். உடன்சபையாரைத் தனியே கண்டு பேசும் பழைய படிமுறையையே அவர் கையாண்டார். ஆனால் கடன்பட்ட சகோதரனுக்காக வகுக்கப்பட்ட அந்த முறையை, சகோதரர் இருவருக்கு இடையே விற்கப்பட்டவர்க்காகப் பயன்படுத்தினார்.

சபை மெல்லவே நகர்ந்தது. 1688இல் ஜெர்மன்டவுன் நகரில் அடிமை முறைக்கு எதிராக எழுந்த விண்ணப்பம் முடிவு காணாமல் ஒதுக்கப்பட்டது. பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் அடிமைகளை வாங்கி விற்போரைச் சபை அலுவல்களிலிருந்து 1758இல் ஒதுக்கியது. அடிமை வைத்திருப்போரையே விலக்கும் முடிபை 1776இல் எடுத்தது. இலண்டன் ஆண்டுக் கூட்டம் அடிமை வணிகரை விலக்கும் முடிபை 1761இல் எடுத்தது. ஜெர்மன்டவுன் விண்ணப்பத்திலிருந்து 1776 வரை 88 ஆண்டுகள். நொடித்த வணிகரை விலக்க அச்சபைக்கு அவ்வளவு காலம் தேவைப்படவில்லை.

துப்பாக்கியும் கொக்கோவும்

மூன்றாமவர் பற்றிய வினா அடிமை முறையோடு முடியவில்லை. பர்மிங்காமில் சாமுவேல் கால்ட்டன் துப்பாக்கி உற்பத்தியாளர், குவேக்கர், லூனார் கழகத்தின் அறிஞர்களுள் ஒருவர். போரை மறுக்கும் சபை, துப்பாக்கி செய்பவரைத் தன் உறுப்பினராக நெடுங்காலம் வைத்திருந்தது. இங்கிலாந்து பிரான்சோடு போரிட்டுக்கொண்டிருந்த 1790களில்தான் வினா எழுந்தது. கால்ட்டன் தம் விளக்கத்தில், இத்தொழில் தலைமுறை தலைமுறையாகத் தம் குடும்பத்தில் கண்டிக்கப்படாமல் நடந்ததைச் சுட்டினார். வரி செலுத்தும் ஒவ்வொருவரும் போரில் பங்காளியே என்றும் வாதிட்டார். 1796இல் சபை அவரை விலக்கியது. அவருடைய முடிவுரை ஏற்கப்படவில்லை. அவர் எழுப்பிய வினா இன்றும் விடை காணாதது. தன் தொழிலின் விளைவுக்கு ஒருவர் எத்துணைத் தொலைவு வரை பொறுப்பாளி?

அதே நகரில், ஒரு நூற்றாண்டுக்குப் பின், அவ்வினா மீண்டும் எழுந்தது. ஜான் கேட்பரி 1824இல் கடை தொடங்கினார். அவர் மக்கள் 1879இல் போர்ன்வில்லில் ஆலை அமைத்தனர். நல்ல ஊதியம், தொழிலாளர் வீடுகள், ஓய்வூதியம் ஆகியவற்றால் கேட்பரியும் யார்க்கு நகர ரௌண்ட்ரீயும் முன்னுதாரணங்களாயின. 1901இல் வில்லியம் கேட்பரியின் பார்வைக்கு ஒரு விற்பனை அறிவிப்பு வந்தது. போர்த்துக்கேசரின் சாவோ தோமே தீவிலிருந்த கொக்கோத் தோட்டம் ஒன்றின் சொத்துப் பட்டியலில் 200 கறுப்பினத் தொழிலாளரும் விலை குறிக்கப்பட்டிருந்தனர். உல்மன் எழுதிய பத்திரத்தின் மறுபதிப்பாகவே அது தோன்றுகிறது. அத்தீவிலிருந்து நிறுவனம் கணிசமான அளவு கொக்கோ வாங்கிக்கொண்டிருந்தது.

கேட்பரி, ஜோசப் பர்ட் என்னும் குவேக்கரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார். 1905இல் புறப்பட்ட பர்ட், 1907இல் தம் அறிக்கையை அளித்தார். அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் பெயரளவில் ஒப்பந்தத்தினர், உண்மையில் அடிமைகள் என்பது உறுதியாயிற்று. 1909 மார்ச்சில் கேட்பரி, ஃப்ரை, ரௌண்ட்ரீ ஆகிய மூன்று குவேக்கர் நிறுவனங்களும் சேர்ந்து அத்தீவுக் கொக்கோவைப் புறக்கணித்தன. போட்டியாளர்கள் ஒன்றுபட்டுச் செயற்பட்டமைக்கு அவர்தம் சபை உறவு துணைநின்றது. உறவு வலை இங்கு நன்மைக்கும் பயன்பட்டது.

எனினும் தெரிந்த நாளுக்கும் நிறுத்திய நாளுக்கும் இடையே ஏறத்தாழ 8 ஆண்டுகள் சென்றன. இத்தாமதத்தைச் சுட்டி ‘தி ஸ்டாண்டர்டு’ நாளிதழ் 1908இல் எழுதிய தலையங்கத்துக்கு எதிராகக் கேட்பரி அவதூறு வழக்குத் தொடர்ந்தது. 1909 டிசம்பரில் பர்மிங்காம் நடுவர் குழு கேட்பரிக்குச் சார்பாகவே தீர்ப்பளித்தது. ஆனால் வழங்கிய இழப்பீடு ஒரு ஃபார்த்திங்கு, அதாவது ஒரு பென்னியில் கால் பங்கு. நிறுவனம் பொய்யாகப் பழிக்கப்பட்டது. அதன் நற்பெயர் அடைந்த சேதமோ ஒரு காசுக்கும் குறைவானது என்பதே அத்தீர்ப்பின் பொருள். ஆதாரம் திரட்டாமல் செயற்படலாகாது என்னும் நேர்மையும், ஆதாரம் திரளும்வரை வாங்கிக்கொண்டே இருக்கும் வசதியும் ஒன்றின் மறைவில் ஒன்று நிற்க முடியும் என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, குவேக்கர் வணிக நேர்மை நம்பிக்கையால் மட்டும் உருவானதன்று. ஆணையிட மறுத்தமையால் நீதிமன்றமும் அரசுப் பதவியும் மூடப்பட்ட சூழலும், அதனால் எழுந்த உள் அமைப்பும் அதற்குக் காரணங்கள்.

இரண்டாவதாக, அவர்கள் உலகிற்கு அளித்த நிலைத்த கொடை ஒரே விலை. அது உடன்சபையார்க்கு உரிய சலுகையாக அமையாமல் எல்லோர்க்கும் பொதுவாக அமைந்ததே அதன் சிறப்பு. கடன் தளத்தில் இப்பொதுமை எட்டப்படவில்லை.

மூன்றாவதாக, சபை ஒழுங்கு ஜோசப் ஃப்ரை போன்ற தனியாளிடம் வலுவாகச் செயற்பட்டது. ஓவரெண்ட்–கர்னி போன்ற நிறுவனத்தின் முன் வலுவிழந்தது. கண்காணிப்பு தேய்ந்த பின்னரும் நற்பெயர் மட்டும் எஞ்சியிருந்ததே இழப்பைப் பெருக்கியது.

நான்காவதாக, உடன்சபையார் இருவர்க்கு இடையிலான குற்றமற்ற வணிகமும் கொடிய அநீதியாக இருக்க முடியும் என்பதை உல்மனின் பத்திரம் காட்டுகிறது. ஒரு குழு தன்னவரிடம் எவ்வளவு நேர்மையாக நடந்தது என்பதைக் கொண்டு மட்டும் அதன் வணிக அறத்தை மதிப்பிடுவது போதாது. அந்தப் பேரத்தில் பெயரின்றி நின்றவர் யார், அவரைக் காண அக்குழுவுக்கு எத்தனை காலம் ஆயிற்று என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். மவுண்ட் ஹோலியில் விற்கப்பட்ட பெண்ணின் பெயரை உல்மன் எழுதிவைக்கவில்லை. விற்றவரும் வாங்கியவரும் நாணயமானவர்கள் என்பது அவளுக்கு எவ்வகையிலும் உதவவில்லை.